முத்திரை நாள்

தராசுக்கு முத்திரை குத்தும் மாத்தயா
நுவரெலியாவில் பஸ் ஏறிவிட்டார் என்ற செய்தி
அவருக்கு அரை மணி முன்னால்
ராகலையில் வந்து இறங்கியது.
சவாஹிர் நானா எனக்குச் சொன்னார்.
நான் பியசேனவுக்கு.
பியசேன எதிர்க்கடை ஜெகநாதனுக்கு, கத்தி.
நாங்கள் நாலு பேரும் ஒற்றுமையாய் இருப்பது
வருடத்தில் இந்த அரை மணிதான்.

தட்டைக் கவிழ்த்தேன்.
அடியில் நெல்லிக்காயளவு புளி.
அந்த அளவு, எனக்குக் கடையை விற்றவர்
உறுதியில் எழுதாமல் தந்த சொத்து.
புளிக்கு ஒரு தடவைக்கு
இருபத்தைந்து கிராம்தான் தெரியும்.
அதனால் ஐந்து கிலோ கேட்டால்
ஐந்து தடவை நிறுப்பேன்.
நிதானமான மனுசன் என்று
ஊரில் எனக்குப் பெயர்.

ஒரு வருடத்தில் கல்லாகியிருந்தது.
ஸ்குரூ டிரைவரால் குத்தி எடுத்தேன்.

மாத்தயா வந்தார். பெட்டியைத் திறந்து
பித்தளைப் படிகளைக்
கைக்குழந்தை போல் தூக்கி வைத்தார்.
முள் நடுவில் நின்றது.
குத்தினார். பிளேன்டீ குடித்தார்.
அதற்குக் காசும் கொடுத்தார்;
எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

செய்தி மலைக்கும் ஏறியிருக்கிறது.
அரை நாளோடு கொழுந்துக் கூடையை வைத்துவிட்டுப்
பெண்கள் மழையோடு வந்தார்கள்.
மாதத்துப் பருப்பு, சீனி, மா, நெத்தலி,
எல்லாம் இன்றைக்கே.
வரிசையில் நின்ற ரெங்கநாயகி கேட்டாள்:
"கொழுந்து தராசுக்கும் இவருதானா முத்திரை?"
"இவர்தான்."
"அப்ப தராசு சரிதான்.
பென்சில்தான் பாரம்.
ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்னு.
பதினெட்டு பறிச்சா பதினஞ்சுன்னு எழுதுது.
அதுலயும் கொறைஞ்சா அரைப்பேரு."

அன்றிரவு கரண்ட் இல்லை.
மெழுகுதிரி வைத்துக் கணக்குப் பார்த்தேன்,
வேறு வேலை இல்லாததால்.
மூன்று மடங்கு விற்றிருக்கிறது.
புளி இல்லாமலே லாபம் கூட.
இத்தனை வருடமும்
புளியை நான் வைத்திருந்தேனா,
புளி என்னை வைத்திருந்ததா?

சரி, இனி நேராகவே நிறுப்போம்.
ஆனால் அந்த இருபத்தைந்து கிராம்
எங்கிருந்தாவது வரவேண்டுமே.
பருப்பு விலையில் எட்டு ரூபாய் ஏற்றிப்
பலகையில் எழுதினேன், அழகான கையெழுத்தில்.

ஒரு வாரம் ஈ ஓட்டினேன்.
ஜெகநாதன் கடையில் கூட்டம்
ரோட்டுக்கு வந்துவிட்டது.
"அங்கே கிலோ என்பது
தொள்ளாயிரத்து எழுபத்தைந்து!" என்று
போகிறவரை நிறுத்திச் சொன்னேன்.
கேட்டார்கள். தலையாட்டினார்கள்.
பலகையைப் பார்த்துவிட்டு
அங்கேயே போனார்கள்.
நேர்மைக்கு எட்டு ரூபாய் கூடுதல்;
அதை எந்தக் கண்ணும் மன்னிப்பதில்லை.

ரெங்கநாயகி மட்டும் வந்தாள், சண்டைக்கு.
"ஏன் மொதலாளி இந்தக் கூத்து?
இருபத்தஞ்சு கிராம் எங்களுக்குத் தெரியாதா?
போறப்ப ஒரு கை பச்ச மிளகா அள்ளுறேன்,
ரெண்டு கொத்து கறிவேப்பில,
சின்னவனுக்கு ஒரு டொபி.
எதுக்குன்னு நெனச்சீங்க?"

என் தாராளம் என்று
நினைத்திருந்தேன்.

"இப்ப தராச நேராக்கிட்டீங்க.
அப்ப மிளகாயை நிப்பாட்டுவீங்க.
மிளகா இல்லாம நான் என்னத்த ஆக்குறது?"

முத்திரை புதிதாய் மின்னிக்கொண்டிருந்தது.
எட்டு ரூபாயைத் துணியால் அழித்தேன்.
மிளகாய்க் கூடையை அவள் பக்கம் தள்ளிவிட்டு
உள்ளே போய்ப் புளிச் சாடியைத் திறந்தேன்.
புளியும் இப்போது விலைதான்.
போன வருடத்தை விடக்
கொஞ்சம் சின்னதாய் உருட்டினேன்.