ஐந்து கிலோமீட்டர்

குலசேகரம் கால்நடை மருந்தகத்தில்
வரைபடத்தின் மேல் டிபன் டப்பா மூடியைக் கவிழ்த்து
வட்டம் போட்டார் டாக்டர்.
உள்ளே ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மாடுகள்.
பாதி, கோதையாற்றுக்கு அக்கரை.

மாட்டுக்கு ஒரு ஊசி.
போட்டு முடித்தவை பையில் கிலுங்க
ஐஸ் பெட்டி தோளை அறுக்க
நாலாம் நாள், தாசம்மையின் தொழுவம்.

"ஈச்ச கடிச்ச தடிப்பாக்கும் டாக்டரே."
நான் டாக்டர் இல்லை. ஊசி போடுகிறவள்.
பசுவின் கழுத்தில் கைவைத்தேன்.
தோலுக்கடியில் புளியங்கொட்டைகள்.
எண்ணத் தொடங்கி முப்பதில் விட்டேன்.
காய்ச்சல் நூற்றைந்து.

நோய் வந்த மாட்டுக்கு இந்த மருந்து இல்லை என்றதும்
ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்,
கடையில் அரிசி இருந்தும்
கடன் இல்லை என்று கேட்டவள்போல.

தனியாகக் கட்டு, வலை போடு, என்றேன்.
உள்ளே போய்
பிள்ளைகளின் கொசுவலையை அவிழ்த்து வந்தாள்.
பாலை என்ன செய்ய என்று கேட்கவில்லை.
இரண்டு நாளாய்ப் பாலே இல்லையாம்.

பின்னால் ரப்பர்.
மழையில் வெட்டு நின்று
மரத்துக்கொரு சிரட்டை,
சிரட்டை நிறையத் தண்ணீர்,
தண்ணீரில் தலைகீழாய்த் தொங்கும் புழு.
அவள் புருஷன் வில்பிரட்
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்தபடி போனான்,
வேலி வரைக்கும்.
வேலிக்கு அப்பால் தோட்டம்
நாகர்கோவில்காரருடையது. ஆளில்லை.
அங்கேயும் சிரட்டை. அங்கேயும் மழை.

பதிவேட்டில் எழுதிவிட்டு
டாக்டருக்குப் போன் போட்டேன்.
வீட்டுக்கு வழி கேட்டார், சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு
காகிதத்தின் மேல்
மூடி நகரும் சத்தம்.