எட்டாம் இரவு

பஸ்கா முடிந்து
சஃபேத் சந்துகளில் மறுபடி புளித்த மாவின் வாசனை.
நின்றபடியே எண்ணினேன்:
இன்று எட்டாம் நாள்.
கெவுராவுக்குள் ஹெசெத்,
கண்டிப்புக்குள் கருணை.

கதவில் தம்பி யெர்மெயேல்.
சிவந்த கண்.
ஐந்நூறு ஷெக்கேல் போதுமாம்,
இதுதான் கடைசியாம்.
பணப்பையை மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டு வந்து
பருப்பு சூப் ஊற்றினேன்.
கரண்டியை எறிந்தான்.
சுவரில் பட்டது.

வலக்கை கொடுக்கும்,
இடக்கை தடுக்கும் என்கிறார்கள்.
எனக்கு இரண்டும் நடுங்கின.
அலமாரிக்கடியில் துழாவி,
கழுவி, கிண்ணத்தருகே வைத்தேன்.

வெகுநேரம் கழித்து,
சூப் ஆறிய பிறகு,
கரண்டி கிண்ணத்தில் உரசும் சத்தம்.

நாளை ஒன்பது:
கண்டிப்புக்குள் கண்டிப்பு.
அது நாளைக்குத்தானே.
சுடவைத்து
இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.