பறிமுதல் பட்டியல்

வெள்ளைத் துணியில் சிவப்பு நூல்:
ஹ்ரோத்னா நகரில் இது இப்போது குற்றம்.

மேசைவிரிப்பு இரண்டு, தலையணை உறை ஒன்று,
சிறகில் ஊசியோடு
பாதியில் நிற்கும் சேவல்.
எழுதிக்கொண்டே வருகிறார் சார்ஜன்ட் லாவ்ரின்.
குளிரில் பேனா மக்கர் செய்கிறது.

"சேவலில் எத்தனை தையல்?"

"நூற்று நாற்பத்தாறு" என்கிறாள் யானினா.
"எண்ணித்தான் போட்டேன்.
வேனில் ஏற்றியவர்கள்
சனிக்கிழமை இருட்டும்வரை அவ்வளவு பேர்."

அதை அவர் எழுதவில்லை.

"உங்கள் கல்யாணத்தில்
காலடியில் விரித்தார்களே நீளத்துண்டு,
அதுவும் நான் தைத்ததுதான்.
ஓரமெல்லாம் சிவப்பு.
சேர்த்துக்கொள்கிறீர்களா?"

குனிந்து
தன் பூட்ஸைப் பார்க்கிறார்.

துணிகள் மூட்டையில் போயின.
ஊசியை மட்டும் உருவி
மேசையில் வைத்துவிட்டுப் போனார்,
ஏனென்று தெரியவில்லை.

விளக்கைக் கிட்டே இழுத்து
வெள்ளையில் வெள்ளை தைக்கிறாள்,
நூற்று நாற்பத்தேழிலிருந்து.
தடவினால்தான் தெரியும்.