கண் எந்தப் பக்கம்

மோசல் பே மீன் ஆலையில் எனக்கு முதல் வாரம்.
ஒரு சைஸ் பெரிய வெள்ளை ரப்பர் பூட்ஸ்,
காதை அறுக்கும் நீல வலைத்தொப்பி.
ஐஸோடு சறுக்கி வந்து
என் மேசையில் விழுந்தது
தட்டையாய், பழுப்பாய்,
யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி.

"ஏ, நீயா!" என்றேன்,
தமிழில், சத்தமாகவே.
மிஷின் இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது.

தூத்துக்குடியில் இதற்கு
மரியாதை கிடையாது.
பொடிமீனோடு கூறு கட்டுவார்கள்.
மாந்தல் என்போம், நாக்கு மீன் என்போம்,
நல்ல மீன் படாத நாளில் வாங்குவோம்.
இங்கே அதற்குத் தனி டிரே,
தனி ஐஸ், எடை ஒட்டிய சீட்டு.
கேப் டவுன் ஓட்டலுக்குப் போகிறதாம்,
வெண்ணெயில் மிதக்க.

சரி, உரிக்கத் தெரியும் எனக்கு.
வாலருகே ஒரு கீறல்,
உப்பு தொட்ட விரலால் தோல்நுனியைப் பிடித்து
தலைவரைக்கும் ஒரே இழுப்பு.
வயிற்றை என் பக்கம் வைத்து
கண் மேலே தெரியப் போட்டேன்.
தலை இடக்கைப் பக்கம் வரவேண்டும்.
வலக்கைப் பக்கம் வந்தது.

பிறவிக் கோளாறு, பாவம், என்று
அடுத்ததை எடுத்தேன்.
அதுவும்.
அதற்கடுத்ததும்.
டிரே முழுக்கப் புரட்டினேன்.
அத்தனைக்கும் இரண்டு கண்ணும் வலப்பக்கம்.
எனக்குப் பின்னால் பெல்ட் நிரம்பி
மீன் தரையில் சிந்த ஆரம்பித்திருந்தது.

பக்கத்து மேசை மக்ரீட்டா ஓடிவந்தாள்.
அவளுடைய ஆஃப்ரிகான்ஸ் எனக்கு வராது,
என் இங்கிலீஷ் அவசரத்துக்கு உதவாது.
என் வலது கண்ணைத் தொட்டு
விரலை மூக்குக்கு மேலாக
இடது கண்ணுக்கு இழுத்துக் காட்டினேன்,
இரண்டு முறை.
அவள் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்
கண் கழுவும் குழாயைத் திறந்துவிட்டாள்.
செதில் தெறித்துவிட்டதென்று நினைத்திருக்கிறாள்.
நான் சிரிக்கச் சிரிக்க
இன்னும் பலமாகக் கழுவினாள்.

தேநீர் வேளையில் தம்பிக்கு மெசேஜ் போட்டேன்:
மார்க்கெட்டில் ஒரு மாந்தலைப் படம் எடுத்து அனுப்பு.
"அங்க போயும் மாந்தலாக்கா?"
கட்டைவிரலோடு படம் வந்தது.
மக்ரீட்டா போனை வாங்கிப் பார்த்தாள்.
தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.
எப்படித் திருப்பினாலும் எங்கள் ஊர்க் கண்
இடப்பக்கம்தான்.
கழிவறைச் சுவரைக் காட்டி
முகம் பார்ப்பதுபோல் நடித்தாள்:
கண்ணாடி, கண்ணாடி.

பிறகு நாக்கை முழுசாக வெளியே நீட்டி
அதைத் தொட்டு, "டோங்" என்றாள்.
மீனைக் காட்டி, "டோங்ஃபிஸ்."
நானும் நீட்டினேன்.
"நாக்கு. நாக்கு மீன்."
இருவரும் நீட்டிய நாக்கோடு நிற்கையில்
சூப்பர்வைசர் கதவைத் திறந்து
ஒன்றும் சொல்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

குஞ்சாயிருக்கையில்
பக்கத்துக்கு ஒரு கண்தான் இருக்கும்,
வளரவளர ஒன்று மட்டும்
தலையைச் சுற்றி நடந்து
மற்றதன் அருகே போய்விடும் என்று
ஆலைச் சுவரில் படம் போட்டிருக்கிறது.
கிளம்பும்போது அதற்கு
யார் சொல்கிறார்கள் எந்தப் பக்கமென்று?
காணாத பக்கம் வெளுத்தே கிடக்கிறது,
மணலைத் தவிர எதையும் அறியாமல்.

நரம்பில்லா நாக்கு
எதையும் பேசும் என்பார்கள்.
இந்த நாக்குக்கோ
நடுவில் முள், இருபுறமும் சீப்புப் பல்.
பேசத்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, ஊழியர் விலையில்
முழுசாய் ஒன்று வாங்கினேன்.
எலுமிச்சை, வெண்ணெய், வேறெதுவும் வேண்டாம்
என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாய்
மக்ரீட்டா சொல்லியனுப்பினாள்.
பாதியை அப்படியே செய்தேன்.
தலையோடு மறுபாதி
புளியும் மிளகாயும் கேட்டது.

துறைமுகத்தில் வெல்டிங் முடித்து
பசியோடு வந்தவர்
பேச்சில்லாமல் சாப்பிட்டார்.
"நம்மூரு மாந்தல்தாம்ல இது,
அதே ருசி."
இல்லை, கண்ணைப் பாருங்கள்,
எந்தப் பக்கம் இருக்கிறதென்று பாருங்கள் என்று
தட்டைத் திருப்பினேன்.

தலையை அதற்குள்
உறிஞ்சி முடித்திருந்தார்.