நான்கு தாள்

காவேரிப்பட்டணம் மூன்றாம் எண் கடையில்
பில் போடுகிறவள் நான்.
அன்று தராசுக்கு வேலையில்லை.
ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள் வந்திருந்தன,
கூடவே ஒரு போலீஸ்காரர்.
அட்டைக்கு நான்கு தாள்.
எச்சில் தொட்டு எண்ணக்கூடாது என்று
தாலுகா ஆபீஸில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்,
ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

டோக்கனில் நேரம் போட்டிருந்தும்
பத்து மணிக்காரர்கள் ஆறு மணிக்கே வந்து
செருப்பை வரிசையில் விட்டுவிட்டுப்
புளியமரத்தடிக்குப் போனார்கள்.
விடிந்ததிலிருந்து நின்றவை செருப்புகள்தாம்.
ஒன்றில் வார் அறுந்து
கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது.

இந்த வருஷம் மாங்கூழ் ஃபேக்டரி சங்கு ஊதவில்லை.
போன வருஷத்து டின்னே குடோனில் கிடக்கிறதாம்,
கப்பலில் வாங்குகிறவன் கையை விரித்துவிட்டானாம்.
தோப்பில் பெங்களூரா கிலோ நாலு ரூபாய்,
பறித்து ஏற்ற ஆறு ரூபாய்.
பழம் தானாக விழுந்து தானாக அழுகியது.
ஊரே ஒரு மாதம் இனிப்பாக நாறியது.

கிரானைட் ஷெட்டில் பாலிஷ் போடும் திம்மராயனுக்கு
ரேகை விழவில்லை.
கட்டைவிரல், ஆள்காட்டி, மறுபடி கட்டைவிரல்.
"கல்லு தின்னுடுச்சும்மா" என்றான்.
ஷெட் பூட்டி ஐந்து மாதம்,
விரலுக்கு இன்னும் தகவல் போகவில்லை போல.
போனுக்கு நம்பர் வரும், சொல் என்றேன்.
போன் அடகில் இருந்தது.
கையெழுத்து நோட்டைத் தேடி எடுத்தேன்.

நாகவேணி டோக்கன் இல்லாமலே வந்தாள்.
ஓசூருக்குப் புருஷனைக் கம்பெனி பஸ் ஏற்றிப்போன காலத்தில்
அரிசி வேண்டாம், சர்க்கரை அட்டையாக மாற்றிக் கொடு என்றவள்.
விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே நான்தான்.
இப்போது பஸ் வருவதில்லை.
அட்டையை மிஷினில் காட்டினேன்.
தகுதி இல்லை என்று
தமிழிலேயே வந்தது.
"சும்மா கேட்டுப் பாக்கலாம்னுதாங்க்கா"
என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.
பின்னால் நின்றவர்கள்
அவள் திரும்பிப் போகிறவரை
புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோட்டையில் கிளம்பிய பணம்
அறிவிப்பாகி, அரசாணையாகி,
கிருஷ்ணகிரியில் ஒரு வாரம் தூங்கி
எங்களிடம் வந்துசேர எழுபத்தொரு நாள்.
எங்களிடமிருந்து எதிரே
மெஹபூப் பாய் மளிகைக்குப் பதினாலு எட்டு.
கடன் நோட்டைத் திறந்தே வைத்திருந்தார்.
பழைய பாக்கிமேல் கோடு கிழித்துவிட்டு
அடுத்த வரியிலேயே தேதி போட்டு
பருப்பு அரைக் கிலோ என்று ஆரம்பித்தார்.
அவரைச் சொல்லி என்ன,
சேலத்தில் அவர் பேருக்கும் ஒரு நோட்டு
திறந்தே இருக்கிறது.

சாயங்காலம் கணக்கில் ஒரு தாள் குறைந்தது.
மூன்று தடவை எண்ணினேன்.
எடை போடும் சின்னபாப்பா எண்ணினாள்.
போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எண்ணினார்.
புதுத் தாள்,
ஒட்டிக்கொண்டு ஐந்தாகப் போயிருக்கும்.
எந்தக் கை என்றும் தெரியும்.
பதினொன்றரை டோக்கன், மாதம்மாள்.
அன்று எண்ணாமல் மூடிய கை
அது ஒன்றுதான்.

எனக்கும் அட்டை உண்டு, எனக்கும் நான்கு.
அதில் ஒன்றை எடுத்துக் கட்டில் வைத்தேன்.
வீட்டில் கேஸ் தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிடலாம் என்றுதான்
அவள் தெருவுக்குப் போனேன்.
டேம் ஜிலேபி வறுபடும் வாசம்
தெருமுனைக்கே வந்துவிட்டது.
அவள் பிள்ளைகள் இரண்டோடு
நாகவேணியின் பெண்ணும்
மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
முள் எடுத்துக்கொண்டிருந்த மாதம்மாள் நிமிர்ந்து
"சாப்ட்டியாக்கா" என்றாள்.
ஆச்சு என்றேன்.
ஆகவில்லை.