அரைப் பை சீமெந்து

மூன்று மாதமாய் ஐயா சொல்லிக்கொண்டிருந்தார்:
"இருந்தால் நிலம் அசையுது, பிள்ளை."
கிளினிக் கொப்பியில் எழுதினேன்: தலைச்சுற்று.
டொக்டர் பிறசர்க் குளிசையை அரையாக்கினார்.
பிறகு காதுக்கு ஒரு குளிசை.
பிறகு பெரியாஸ்பத்திரியில் தலைக்கு ஸ்கான்,
வாங்கில் ஐந்து மணித்தியாலம்.
படத்தில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றதும் ஐயா
இன்னும் கொஞ்சம் பயந்தார்.

ஒரு சனிக்கிழமை நிலம் தேய்க்கையில்
என் முழங்கால் கொமட்டில் இடித்தது.
அது அசைந்தது.
ஆடுகிற பல்லை நாக்கு விடாததுபோல
திரும்பத் திரும்ப இடித்துப் பார்த்தேன்.
போல்டைத் தொட்டேன்.
கழன்று வந்தது, பிளக்கோடு,
பிளக்கைச் சுற்றி ஒரு பிடி நிலத்தோடு.

பாசையூரிலிருந்து யூட் நிமலன் வந்தான்.
றில்லை வைத்து அழுத்தினான்.
கொங்கிறீற்றைத் துளைக்கும் சத்தம்
பல்லுக்குள் கேட்க வேண்டும்.
இதுவோ பிட்டுக்குள் அகப்பை போனமாதிரிப்
பேசாமல் போனது.
"ஆர் அக்கா இந்த நிலம் போட்டது?
சீமெந்தைக் காட்டிப்போட்டுத் திருப்பி எடுத்திட்டாங்கள் போல."

கதிரையில் இருந்த ஐயா
சுகமான கையை உயர்த்தினார்,
வகுப்பில் பிடிபட்ட பெடியன் மாதிரி.
"நான்தான். தொண்ணூற்றிரண்டு.
சீமெந்து வரவிடாத காலம்.
அரைப் பை. கிளாலியால, வள்ளத்தில,
உரப் பைக்குள்ள, மேல தவிடு போட்டு.
விலையைக் கேளாதை.
மிச்சத்துக்குச் சுண்ணாம்பும் கடல் மணலும்.
குந்துற கக்கூசுக்கு அது காணும்.
குந்துறவன் தன்ர காலிலதானே நிக்கிறான்."

யூட் தலையைச் சொறிந்தான்.
"எப்பொக்சி விட்டால் ஒரு வரியம் நிக்கும்.
இல்லாட்டி வெட்டி எடுப்பம்."

வெட்டினோம்.
உளிக்கு வேலையே இருக்கவில்லை.
இரண்டடிக்கு இரண்டடி, வாளி வாளியாய்.
கம்பி இருக்க வேண்டிய இடத்தில்
துருத் தின்ற ஒரு சைக்கிள் றிம்.
யூட் தூக்கிக் காட்டினான்.
"என்ர றலி," என்றார் ஐயா. "பின் சில்லு."
மூன்று பேரும் சிரித்தோம். நான்
கொஞ்சம் பிந்தித்தான் நிறுத்தினேன்.

செம்மண் தாண்டிக் கல் தட்டுப்பட்டது.
அதிலிருந்து மேலே கட்டினான்:
ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நாலு,
கடையில், பற்றுச்சீட்டோடு, பகலில் வாங்கிய சீமெந்து.
கொமட்டின் அடியை மட்டையில் கீறி
ஓட்டை வெட்டி
ஈரத்திலேயே போல்டுகளை நட்டான்,
தலை கீழே, புரி மேலே.

ஏழு நாள் நனைத்த சாக்கு.
ஏழு நாளும் ஐயாவைத் தாங்கிக்கொண்டு
பக்கத்து வீட்டுக்கு.
மதில் வழக்கால் ஆறு வருடம் கதைக்காத பத்மலோஜினி அக்கா
கேற்றைத் திறந்து விட்டா.
அப்போதும் கதைக்கவில்லை.
இரண்டாம் நாள் போனபோது
கொழுவியில் புதுத் துவாய் தொங்கியது.
அஞ்சாம் நாள், சுவரில் ஒரு கைபிடி.

எட்டாம் நாள் கொமட்டை இறக்கினோம்.
வாசர். நட்.
ஆசையில் நான் ஸ்பானரை இன்னொரு சுற்றுக்குப் பிடிக்க
யூட் கையைத் தட்டிவிட்டான்.
"காணும் அக்கா. அசையாமல் நிண்டால் விட்டிடோணும்.
பீங்கான் சொல்லிப்போட்டு வெடிக்காது."
சுற்றிவரச் சிலிக்கன் பூசி
பின்பக்கம் ஒரு விரலளவு விட்டான்.
"கசிஞ்சால் தெரியோணும்.
மூடி வைச்சால் நிலத்துக்குள்ளதான் போகும்."

இரவு இரண்டு மணி.
பொல்லுச் சத்தம். கதவு.
கூப்பிடுவார் என்று காலைக் கட்டிலால் இறக்கி வைத்திருந்தேன்.
தண்ணீர் விழுந்தது. தாங்கி நிரம்பி முடிந்தது.
கூப்பிடவில்லை.
திரும்பிப் போகையில், என் கதவடியில் நின்று:
"அப்ப அந்தக் காதுக் குளிசையை நிப்பாட்டலாமோ?"

விடிய, கிளினிக் கொப்பியை எடுத்துத்
தலைச்சுற்று என்றதை வெட்டினேன்.
மேலே என்ன எழுதுவது?
போல்ட், என்று எழுதினேன்.
டொக்டர் வாசிக்கட்டும்.