நாற்பத்தாறாம் பல்

பாலக்கோட்டில், செல்போன் கடை மாடியில்,
முனிரத்தினம் மூன்றாம் முறையாக வாய் திறக்கிறார்.
கீழ்வரிசை, வலப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்.
ஓசூரில் யாரோ வேர் சிகிச்சை செய்தது.
மூன்று குழாய், மூன்றும் நுனிவரை அடைப்பு.
படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
"அப்பறம் ஏன் மேடம் ராத்திரி மூணு மணிக்கு எழுப்புது?"
இரண்டு தடவை மாத்திரை எழுதி அனுப்பினேன்.
அந்தச் சீட்டுகளை இப்போது நினைத்தால்
காது சூடாகிறது.

போர்வண்டி ஓட்டுகிறவர்.
பல்லெல்லாம் காவிக் கோடு.
புகையிலை இல்லை; குடித்து வளர்ந்த தண்ணீர்.
தன் வீட்டுக்குப் பின்னால் எழுநூறு அடி இறக்கியதும் அவரே.
"பையனுக்கு முளைக்கிறப்பவே இதே கலருங்க" என்றார் போன தடவை,
கேள்வியாகவும் இல்லை, புகாராகவும் இல்லை.
எனக்குப் பதில் வரவில்லை.
மாத்திரைப் பெயரை எழுதினேன்.

இன்று எக்ஸ்ரே குழலை நேரே வைக்கவில்லை.
இருபது டிகிரி முன்பக்கம் சாய்த்தேன்.
பின்வேரின் நிழலுக்குள்ளிருந்து
இன்னொரு வேர் விலகி நின்றது,
அண்ணன் சட்டைக்குப் பின்னால் ஒளிந்த சின்னவன்போல.
நாக்குப் பக்கம். ஒல்லி. நுனியில் கொக்கி.
எல்லாருக்கும் இருக்காது.
இருக்கிறவர்க்கும் இருப்பது தெரியாது.

ரப்பர் விரிப்பு. பழைய அடைப்பைத் தோண்டினேன்.
தரையில் மூன்று வாய்கள்.
மனதிலிருந்த முக்கோணத்தை அழித்து, நான்கு மூலை வரைந்து,
காலியான மூலையைத் தடவினேன்.
கல்.
கல்.
மின்சாரம் போயிற்று. தலைவிளக்கில் பேட்டரி கொஞ்சம்.
கல்.
பத்தாம் நம்பர் ஃபைல், தலைமயிரைவிடச் சற்றே பருமன்,
சட்டென்று ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டது.
இழுத்தேன், விடவில்லை.

(போர் போடுவதோடு இதை ஒப்பிட அவருக்கு ஆசை இருந்திருக்கும்.
வாயில் ரப்பர். தப்பித்தேன்.)

முனையை வளைத்துக்கொண்டு,
கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் இப்படியும் அப்படியும்.
மூடிக்கிடந்த நாற்றம் ஒன்று எழுந்தது.
அளவுக்கருவி கூவியது: பதினெட்டரை மில்லிமீட்டர்.

அவர் அட்டையில் அந்த வளைவைப் பென்சிலால் வரைந்துவைத்தேன்.
நாளை வேறு யாராவது திறந்தால் தேடவேண்டாம்.

மரத்துப்போன உதட்டோரம் எச்சில் வழியக் கேட்டார்:
"நாலாவதுக்குத் தனியாப் பணமா மேடம்?"
இல்லை என்றேன்.
படியிறங்கப் போனவர் நின்றார்.
"புதன்கிழமை பையனைக் கூட்டியாறேன்.
வலியெல்லாம் இல்ல.
சும்மா பாருங்க."